பாதியில் நின்ற கண்ணாடி

கண்ணாடி இரண்டு விரல் அகலம் இறங்கி நின்றுவிட்டது. அண்ணி பொத்தானை மறுபடியும் அழுத்தினார். கதவுக்குள் மோட்டார் முனகியது, கண்ணாடி அசையவில்லை. சாத்தாம் துறையிலிருந்து பாம்பூ ஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஃபெரியில், எங்கள் கார் அப்போதுதான் ஏறி நின்றிருந்தது. என் பக்கம் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று உரசாத குறையாக நின்றது. அண்ணியின் பக்கம் படகின் இரும்புத் தடுப்பு. அதற்கப்பால் மழையில் சாம்பல் நிறமாகிக் கிடந்த கடல். கதவைத் தள்ளினால் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து தடுப்பில் இடித்தது. அண்ணி கதவைச் சாத்திவிட்டு, விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல், நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி செவிலியர். எங்கள் வீடு ஷாதிபூரில். அவருக்கு வேலை விரிகுடாவுக்கு அக்கரையில் ஒரு சுகாதார நிலையத்தில். அண்ணன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை பார்ப்பதால் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். எனக்கு ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் அலுவலகத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் அண்ணிதான். கற்றுக்கொண்டு ஓட்டியவரும் அவர் மட்டும்தான். அண்ணனுக்குக் கப்பலின் தள்ளாட்டம் ஒன்றும் செய்யாது. ஷாதிபூர் இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை வியர்க்கும். எனக்கும் அப்படியே. அதனால் அண்ணி ஓட்ட, நாங்கள் பயணிகளாக உட்கார்ந்து பழகிவிட்டோம்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபெரியில் ஏறும் சரிவுப் பலகையில் முன்சக்கரம் படுவதற்கு முன்பே இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிடுவார். மழை பெய்தாலும் அப்படித்தான். சட்டை நனைகிறது என்று அண்ணன் முணுமுணுப்பார். "இங்க வண்டிகள அடுக்கி வச்சா கதவு தொறக்க ஏலாது. கண்ணாடியாவது தொறந்து இருக்கட்டும்" என்பார் அண்ணி. 'முடியாது' என்பதற்கு அவர் எப்போதும் 'ஏலாது' என்றுதான் சொல்வார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து தெற்கே கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவருடையது. அந்தச் சொல்லும் அவர்களோடு கடல் தாண்டி வந்தது.

கண்ணாடி சிக்க ஆரம்பித்தது கார் வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே. ஷோரூமில் ஏதோ ஒரு எண்ணெயைப் பீய்ச்சி அனுப்பினார்கள். வெயில் அடித்த நாட்களில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மழை பிடித்ததும் மறுபடி நின்றது. அடுத்த முறை மோட்டார் போய்விட்டது என்றார்கள். புது மோட்டார் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் வந்தது, பெட்டி வரவில்லை. அதற்கடுத்த கப்பலில் பெட்டி வந்தது, வேறு மாடல் காரின் மோட்டார் இருந்தது. ஒருவழியாகச் சரியானது வந்து மாட்டியும் கொடுத்தார்கள். முதல் மழையிலேயே கண்ணாடி பழைய இடத்தில் நின்றது. அண்ணி மறுபடி கொண்டுபோனபோது ஷோரூமுக்குள் குளிர்சாதனக் காற்றில் கார் காய்ந்துபோயிருந்தது. சர்வீஸ் பையன் பொத்தானை அழுத்த, கண்ணாடி அழகாக இறங்கி அழகாக ஏறியது. "மேடம், அபி தோ சல் ரஹா ஹை" என்றான் அவன். இப்போது வேலை செய்கிறதே, பிறகு என்ன என்பது அவன் கேள்வி.

அந்த நிலையில்தான் நாங்கள் அன்று ஃபெரியில் இருந்தோம். பாதி வழியில் மழை வலுத்து, காற்று பக்கவாட்டில் அடித்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தபோது லாரியின் சங்கிலி கிறீச்சிட்டது. என் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தாலும் அதை லாரி அடைத்து நின்றது. நான் பின்னால் எட்டிப் பின்கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கினேன். அது பாதிக்கு மேல் இறங்காத வகை. நான் ஏதேதோ பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை, படகு ஒழுங்காகக் கரை சேர்ந்தது. பாம்பூ ஃபிளாட்டில் இறங்கிச் சற்று தூரம் போனதும் அண்ணி காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"சுனாமி அன்னிக்கு நாங்க கட்சால் வீட்டுக்குள்ள இருந்தோம் தம்பி" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "தண்ணி வந்து கதவ அழுத்திப் புடிச்சிருச்சு. அப்பா தள்ளுறாரு தள்ளுறாரு, தொறக்க ஏலல. ஜன்னல் பலகைய ஒடச்சு அம்மாவையும் என்னையும் வெளிய தள்ளி விட்டாரு. மேட்டுக்கு ஓடச் சொன்னாரு. ஓடுனோம். அவரு பின்னாடியே வர்றாருன்னுதான் நெனச்சோம்."

வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு குரலில் சொன்னார்: "இத இப்பிடியே விட ஏலாது. நாளைக்கு லீவு போடுறேன். நீங்களும் வாங்க."

மறுநாள் ஷோரூமில் அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. மேலாளர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த தமிழர். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கடலோர ஊர், உப்புக் காற்று, எல்லா வண்டிக்கும் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும், இதெல்லாம் நார்மல் மேடம் என்றார். அண்ணி முழுவதையும் கேட்டுவிட்டு, கார் சாவியை அவர் மேசையில் வைத்தார்.

"சார், எனக்கு வெளக்கம் வேணாம். நீங்க ஒருதடவ இந்த வண்டிய ஃபெரில ஏத்தி அக்கரைக்கு ஓட்டிட்டு வாங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். வந்ததுக்கு அப்புறமும் நார்மல்னு சொன்னா நான் எடுத்துட்டுப் போயிடுறேன்."

"நான் எதுக்கு மேடம் அங்க? மெக்கானிக்க அனுப்புறேன்."

"மெக்கானிக் நார்மல்னு சொல்லல சார். நீங்கதான் சொன்னீங்க."

சொல்லிவிட்டு வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவில் போய் அமர்ந்தார். எனக்கு உள்ளூரக் கூச்சமாக இருந்தது. புதுக் கார் பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. அந்தக் குடும்பத்துப் பெண், "க்யா ஹுவா தீதி?" என்று அண்ணியிடம் விசாரித்தார். அண்ணி அமைதியாக, கோபமே இல்லாமல், எல்லாவற்றையும் இந்தியில் விவரித்தார். அந்தப் பெண் தன் கணவரிடம் திரும்பி, நாமும் கண்ணாடியை மழையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். மேலாளர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

சாத்தாம் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேலாளர் ஓட்டினார், அண்ணி பக்கத்தில், நான் பின்னால். இறக்க வேண்டும் என்று மேலாளர் நினைக்காததால் அவர் பக்கத்துக் கண்ணாடி மூடியே இருந்தது. ஃபெரியில் ஊழியர் கைகாட்டிய இடத்தில், ஒரு பேருந்துக்கும் தடுப்புக்கும் நடுவில் காரை நுழைத்து நிறுத்தினார். எஞ்சினை அணைத்ததும் உள்ளே புழுங்கியது. அப்போதுதான் பொத்தானை அழுத்தினார். இரண்டு விரல் அகலம். மறுபடி அழுத்தினார். முனகல். கதவைத் தள்ளிப் பார்த்தார், இடித்தது. படகு நகர்ந்து, லேசாகச் சாய்ந்தது. அவருக்கு அதுதான் முதல் ஃபெரிப் பயணம் என்று பிறகு தெரிந்தது. கழுத்துப் பட்டனைக் கழற்றினார். அண்ணி தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவைத்துக்கொண்டு பேருந்தின் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்ப மேடம் போய்ச் சேரும்?" என்றார் மேலாளர்.

"சேந்துரும் சார். பயப்படாதீங்க" என்றார் அண்ணி. அந்தக் குரலில் கேலி இல்லை. நோயாளிகளிடம் அவர் பேசும் குரல் அது.

திரும்பி வந்ததும், ஈரம் காய்வதற்குள் கதவின் உள்பலகையைக் கழற்றச் சொல்லி மேலாளர் பக்கத்திலேயே நின்றார். கண்ணாடி ஏறி இறங்கும், உள்ளே துணி ஒட்டிய ரப்பர் பட்டை கீழ் மூலையில் மடிந்து கிடந்தது. நனைந்தால் உப்பிக் கண்ணாடியைக் கவ்வும், காய்ந்தால் விட்டுவிடும். மோட்டார் மாற்ற இதே கதவைத் திறந்தவர்கள் மோட்டாரை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். புதுப் பட்டை அங்கேயே இருந்தது. எந்தக் கப்பலுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மாட்டி முடித்து, குழாயைத் திறந்துவிட்டுக் கதவை நனைத்து, ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். மேலாளர் மன்னிப்புக் கேட்டார். அண்ணி சாவியை வாங்கிக்கொண்டார்.

"ஒங்க வீட்டு ஆளுங்க இங்க வந்தா அவங்களும் இந்த ஃபெரிலதான் சார் போவாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் கூட அந்தக் கண்ணாடி நிற்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணி தயங்காமல் கேட்கத் தொடங்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில், வேலையிடத்தில், எங்கும். கடைசியாக அவர் கேட்டு வாங்கியது கட்சாலுக்கு மாற்றல். மற்றவர்கள் அங்கிருந்து வரத்தான் விண்ணப்பிப்பார்கள். அண்ணனே திகைத்துப்போனார். பயமில்லையா என்று நான் கேட்டபோது, "பயம் இருக்கு. அங்க நர்சு இல்லையே தம்பி" என்றார்.

சென்ற மாதம் ஃபீனிக்ஸ் பேயில் நான்தான் அவரைக் கப்பல் ஏற்றிவிட்டேன். கார் இப்போது என்னிடம். வேறு வழியில்லாமல் ஓட்டப் பழகிவிட்டேன். கீழ்த்தளத்தில் அவருடைய படுக்கையைக் கண்டுபிடித்துப் பையை வைத்ததும், அண்ணி உட்காரவில்லை. படியேறி மேல்தளம் வரை போய், உயிர்காப்புப் படகு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பி வந்தார். பிறகுதான் போர்வையை விரித்தார்.

"வழியப் பாத்தாச்சு தம்பி. இனி தூங்கலாம். நீங்க கெளம்புங்க."

குடிக்கத் தண்ணீர் வாங்க மறந்தது நினைவுக்கு வந்து, ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சுற்றிலும் பெட்டிகளை இழுக்கும் சத்தம், பிள்ளைகளின் அழுகை. அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பி ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.