சைக்கிள் படி வாங்கிய மிட்வைஃப்

இந்த மலைநாட்டில் சைக்கிள்காரரைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். காலையில் சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டே மேடேறுவார். சாயங்காலம் மிதிக்காமலே காற்றாய் இறங்கி வருவார். நானும் அப்படித்தான் குடியிருக்கும் டிக்கோயாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் வேலை எனக்கு.

பஸ் பிந்தும் நாளெல்லாம் வெளியிலிருந்து வரும் உத்தியோகத்தர்களும் பிந்தினோம். பொறுமையிழந்த தோட்டத்து மேனேஜர் துரை, சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சம்பளத்தோடு சைக்கிள் படி உண்டு என்று அறிவித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்த ஊரான லால்குடியில், வாய்க்கால் கரையில் தம்பியின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்து, பாவாடையைச் செருகிக்கொண்டு ஓட்டிப் பழகியவள் நான். ஒருநாள் அப்பா கண்ணில் பட்டேன். அன்றோடு சைக்கிளுக்குப் பூட்டு விழுந்தது. கடல் கடந்து வந்த இடத்தில், ஓட்டினால் காசு தருகிறேன் என்கிறார் ஒருவர்! கணவரின் பழைய சைக்கிளை மறுநாளே எடுத்துக்கொண்டேன். "விழுந்தா ஆள் அனுப்பு" என்று மட்டும் சொன்னார் அவர்.

ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஐயாவோ படிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க மறுத்தார்.

"நீங்க சைக்கிள்ல வரலையேம்மா. சைக்கிளைக் கூட்டிக்கிட்டுல்ல வர்றீங்க!"

"ஆம்பளைங்களும் தள்ளிக்கிட்டுத்தானேங்க வர்றாங்க?"

"அவங்களுக்கு ஓட்டத் தெரியும்."

நேரே துரையிடம் போனேன். அவர் என்னையும் என் சேலையையும் மாறிமாறிப் பார்த்தார். "நீ ஓட்டுமா?" என்றார் தன் தமிழில். "ஃபாக்டரி வரைக்கும் ஓட்டிக் காட்டு."

ஆபீசிலிருந்து ஃபாக்டரிக்கு ஒரே இறக்கம். சேலையைக் கீழ்ப்பாய்ச்சாக இழுத்துச் செருகி ஏறினேன். காது இரண்டிலும் காற்று சீட்டியடித்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் நிமிர்ந்து நின்று, "நம்ம மிட்வைஃப் அம்மா பறக்குறாங்கடி!" என்று கூவினார்கள். வளைவில் ரோடு வேலை பார்த்த சிங்களப் பெரியவர் ஒதுங்கி நின்று, "யன்ன, யன்ன!" என்று கைவீசினார். போ, போ என்று அர்த்தம். அப்போது எனக்குச் சிங்களம் தெரியாது. என்ன, என்ன என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, "படி வாங்கப் போறேங்க!" என்று கத்திக்கொண்டே கடந்தேன். ஃபாக்டரி வாசலில் பிரேக் பிடித்துக் காலூன்றினேன். பின்னால் ஜீப்பில் வந்த துரை வாய்விட்டுச் சிரித்தார். அன்றே என் பெயர் சேர்ந்தது.

சென்ற வாரம், மலையேறிக் கும்பிடப் போகிறவர்களை நல்லதண்ணி அடிவாரத்துக்குக் கொண்டுபோகும் யாத்திரை பஸ் ஒன்று வழியில் நின்றிருந்தது. சேலையோடு சைக்கிளில் வருகிறவளைக் கண்டு, வெள்ளையுடுத்திய சிங்கள அம்மா ஒருவர், "கம கொஹெத?" என்றார் சிரித்தபடி. ஊர் எது என்கிறார். அவ்வளவு சிங்களம் இப்போது வந்துவிட்டது. "டிக்கோயா!" என்று என் வாய் முந்திக்கொண்டது. லால்குடி நினைவுக்கு வருவதற்குள் சைக்கிள் வளைவு திரும்பிவிட்டது. ஆளில்லாத அந்த இறக்கத்தில், தேயிலைச் செடிகளைப் பார்த்து, "லால்குடி! லால்குடி!" என்று கத்திக்கொண்டே டிக்கோயாவுக்கு இறங்கினேன்.