மெஹர் கை வைத்துப் பார்த்த இயந்திரங்கள்

நாகூரிலிருந்து மெஹருன்னிசாவின் நாத்தனார் போன் செய்தபோது, தூசி தட்டி முடித்த ஒரு லேப்டாப்பை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கலா அக்கா, மெஹர் அண்ணி மௌத்தாயிட்டாங்க" என்றாள். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவளை மாலை அஸர் தொழுகைக்கு எழுப்பப் போனபோதுதான் உயிர் போயிருந்தது தெரிந்திருக்கிறது. "பக்கத்து ரூம்லதான் இருந்தேங்க்கா. ஒரு முனகல்கூட இல்ல. ஒரு சத்தமும் கேக்கல." அதையே அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சத்தமில்லாமல் நடப்பவற்றுக்கே வாழ்நாள் முழுவதும் பயந்த ஒருத்திக்கு இப்படியா நடக்க வேண்டும்? கடையைப் பூட்டிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

தஞ்சாவூர் கீழவாசலில் நாங்கள் இருவரும் நடத்திய மாடிக் கடைக்கு வந்துபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர்கூட நினைவிருக்காது. "அந்தப் பயந்த அக்காவா?" என்றுதான் கேட்பீர்கள். ஆமாம், அவள்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் சென்ட் பாட்டிலுக்கும் பால்மாவு டின்னுக்கும் நடுவே லேப்டாப்பும் வரத் தொடங்கிய காலம் அது. வந்த சில மாதத்தில் வைரஸ் புகுந்து படுத்துவிடும். அதற்குள் கல்யாணப் படம், குழந்தைப் படம், கணவன் மனைவி எழுதிக்கொண்டது எல்லாம் இருக்கும். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கடையில் அதைக் கொடுக்கத் தயங்கிய பெண்கள் எங்கள் மாடிப்படி ஏறினார்கள். நாங்கள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தோம். இலவசம், வைரஸ் தொல்லை கிடையாது. தொல்லை வேறு இடத்தில் இருந்தது.

ஒவ்வொரு கம்பெனி லேப்டாப்பிலும் அதற்கென்று சில தனி அங்கங்கள் உண்டு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான், வயர்லெஸ் சுவிட்ச், மூடியைச் சாத்தினால் தூங்கவைக்கும் உணரி, எல்லாவற்றுக்கும் மேலாக விசிறி. லினக்ஸின் உயிர்நாடியான கர்னலுக்கு இவை தாமாகப் புரியாது. அந்தந்த மாடலுக்கு உரிய டிரைவர் என்ற சிறு நிரலைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். டிரைவர் முதலில் தன்னிடமுள்ள மாடல் பட்டியலைப் பார்க்கும். வளைகுடாச் சந்தைக்கென்று செய்த லேப்டாப்புகள் பல அந்தப் பட்டியலில் இருக்காது. 'எனக்கு இதைத் தெரியாது' என்று ஒதுங்கிக்கொள்ளும். அதை மீறி, 'கட்டாயம் ஏறு' என்று உத்தரவிடவும் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும்.

அந்த ஒரு சொல்லுக்கு மெஹர் பயந்ததைப் போல நான் எதற்கும் பயந்ததில்லை. அவளுக்கு மின்னலைக் கண்டால் பயம். வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதுவாள். ஐப்பசி மழைக்கு வானம் கறுக்கும்போதே கடையில் எல்லா ஒயரையும் பிடுங்கிவிடுவாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நான் சீண்டுவேன். "இந்த அரண்டவ கடையில இதுவரைக்கும் ஒண்ணும் எரியல, பாத்தியா?" என்பாள்.

வலங்கைமானிலிருந்து ஒரு பெண் தன் தம்பியுடன் வந்தாள். எல்லாம் நன்றாக ஓடியது, வெளிச்சம் கூட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. அந்தப் பையன் குதித்தான். "இது ஒண்ணைப் பண்ணித் தர மாட்டீங்களா? அப்புறம் என்னங்க சர்வீஸு?" மெஹர் குரல் உயர்த்தவில்லை. "டிரைவரே இந்த மாடலைத் தெரியாதுங்குது தம்பி. தெரியாதவங்க கையில வீட்டுச் சாவியக் குடுப்பீங்களா?" அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டான். வந்த வாடிக்கையைத் துரத்துகிறாளே என்று அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை அந்தச் சொல்லைத் தட்டினாள். அது ருக்மணி அம்மாவுக்காக.

பூதலூர் பக்கத்துக் கிராமத்துக்காரர் ருக்மணி அம்மா. சொந்தமாகக் கொஞ்சம் நஞ்சை, கத்தாரில் ஒரே மகன். வெள்ளிக்கிழமைதோறும் அவன் கம்ப்யூட்டரில் பேசுவான். அந்த லேப்டாப்பின் விசிறியோ ரைஸ்மில் மாதிரி இரையும். மைக் அதன் பக்கத்திலேயே இருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தது இரைச்சல் மட்டும்தான். "அவன் 'என்னம்மா, என்னம்மா'ன்னு கேட்டுட்டே வச்சுடறாம்மா. அவன் கொரலு எனக்குக் கேக்குது. என் கொரலு அவனுக்குப் போவலியே" என்று சொல்லும்போதே அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், பெண் குழந்தை பிறந்திருந்தது. மருமகளின் அழுகைச் சத்தத்தையாவது கேட்க வேண்டும் என்று மாமன்காரன் ஏங்கினானாம். மெஹரின் கணவர் அப்போது சவூதியில். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். டிரைவர் தெரியாது என்றது, கட்டாயமாக ஏற்றினாள். விசிறி அவள் சொன்னபடி கேட்டது. கடையே அமைதியானது. ருக்மணி அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "தூசி படாம வச்சுக்குங்கம்மா" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் அதே மாடல் லேப்டாப் ஒன்று வேறு வீட்டிலிருந்து வந்தது. அதே போலச் செய்து, மூடியைச் சாத்தி ஓரமாக வைத்துவிட்டு டீ குடித்தோம். எடுக்கப் போன மெஹர் 'ஸ்' என்று கையை உதறினாள். அடிப்பாகம் அடுப்பில் வைத்த சட்டியாகக் கொதித்தது. திறந்து பார்த்தோம். சாத்தியதும் தூங்கிய லேப்டாப் தானாகவே விழித்திருக்கிறது, விசிறி மட்டும் விழிக்கவில்லை. அதைவிடப் பயங்கரம், திரையில் வெப்பம் இன்னும் நாற்பத்திரண்டு டிகிரி என்றே நின்றது. டிரைவர் வெப்பத்தைத் தவறான இடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தது. சூடு அதிகமானால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளாதா என்றேன். "யாருக்குச் சூடு தெரியுது கலா? அதப் பொறுத்தவரைக்கும் எல்லாம் சில்லுன்னு இருக்கு" என்றாள். அவள் உதடு வெளுத்துவிட்டது.

ருக்மணி அம்மா வீட்டுக்குப் போன் போட்டோம். எங்கேஜ்டு. "யாரோ பேசிக்கிட்டு இருக்காங்க, விடு" என்றேன். மறுபடி எங்கேஜ்டு. மறுபடியும் அதேதான். இவ்வளவு நேரம் யார் பேசுவார்கள்? நான் சாவியைத் தேடுவதற்குள் அவள் படி இறங்கியிருந்தாள்.

பூதலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோ வாய்க்கால் வரைதான் போனது, ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். குறுக்கே தென்னை மரத்தைத் தள்ளிவைத்த பாலம், பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட இல்லை. கீழே தண்ணீர் சுழித்து ஓடியது. மெஹர் நிற்கவில்லை. கீழே பார்க்கவும் இல்லை. புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியே கடந்தாள். நான்தான் ஒவ்வோர் அடியாக வைத்துக் கடந்தேன்.

நடவு நேரம். தெருவில் ஆளில்லை. ருக்மணி அம்மா நடவாட்களோடு சேற்றில் நின்றிருந்தார். வரப்பிலிருந்தே மெஹர் கத்தினாள்.

"அம்மா! வீட்ல யாரு இருக்காங்க?"

"பொண்ணும் கைப்புள்ளையுந்தான். ஏம்மா?"

"லேப்டாப் எங்கம்மா?"

"மூடி, சேலையில சுத்தி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். தூசி படக்கூடாதுன்னு நீதானே சொன்ன? மூடுனா அணைஞ்சுடும்ல?"

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மூவரும் ஓடினோம்.

பச்சைக்குழந்தைக்குக் காற்று ஆகாது என்று அந்த அறையின் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மகள் பாயில் அசந்து தூங்கினாள். போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தார்கள், மணி அடித்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று. மர பீரோவை ஒட்டி, உத்தரத்திலிருந்து தூளி தொங்கியது. ருக்மணி அம்மாவின் சேற்றுக் கை இடுப்புச் சாவியை எடுக்க முடியாமல் வழுக்கியது. கதவு திறந்ததும் பிளாஸ்டிக் உருகும் நாற்றம் அடித்தது. மெஹர் துணியோடு அதை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடி ஈரமண்ணில் போட்டாள். நைலக்ஸ் சேலை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு புகை இல்லை. உள்ளே குழந்தை விக்கிக்கொண்டே தூங்கியது.

மெஹர் அந்த அம்மா முன்னால் போய் நின்றாள். "நான்தாம்மா பண்ணேன். அது வேணாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

ருக்மணி அம்மா தூளியையே வெகுநேரம் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னை விலக்கிவிட்டு, "ஒரு சேலை போச்சு, போவுது. நீ கையக் காட்டு" என்று மெஹரின் வலது கையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். உள்ளங்கை வெந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது அதே தென்னைமரப் பாலத்தில் மெஹரால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்துதான் கடந்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்கு வேறு லேப்டாப் கொடுத்தோம். அதன் விசிறியும் இரைந்தது, இரையட்டும் என்று விட்டுவிட்டாள். வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேச நீள ஒயர் வைத்த ஒரு மைக்கை மாட்டிக் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கத்தாருக்கு அந்தக் குழந்தையின் அழுகை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு சுலபமான வழி முதலிலேயே தோன்றவில்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "சத்தம் போடுற மெஷின் உசுரோட இருக்கு கலா. சத்தம் போடாததுக்குத்தான் பயப்படணும்" என்றாள்.

அன்று முதல் எந்த லேப்டாப்பும் எங்கள் கடையிலிருந்து அவள் கை படாமல் போனதில்லை. மூடியைச் சாத்தி, காத்திருந்து, அடியில் உள்ளங்கையை வைப்பாள். வலது கையில் தழும்பு மரத்துப்போனதால் இடது கை. நான் திரையைக் காட்டி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பேன். "நம்பர் கெடக்கட்டும். கைய வச்சுப் பாரு" என்பாள். காத்திருந்த நீங்கள் முணுமுணுத்ததெல்லாம் அவள் காதில் விழாமல் இல்லை. கணவர் ஊர் திரும்பியபின் அவள் நாகூருக்குப் போய்விட்டாள். போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான்: "கை வச்சுப் பாக்குறியா?"

அவள் மௌத்துக்காக நாகூர் போன பஸ் திருவாரூர் தாண்டும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேஜையில் அந்த லேப்டாப்பை ஓடவிட்டபடியே வந்திருந்தேன். நேற்றுத்தான் புது டிரைவர் ஏற்றியது. மாற்றுச் சாவி மெஹரிடம்தான் இருந்தது. கீழே தையல் கடை, பக்கத்தில் குடியிருப்பு. இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து நின்றேன். திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பயமும் நெஞ்சில் சேர்ந்தே வந்தன.

நாகூரில் பெண்கள் வழிவிட்டார்கள். குளிப்பாட்ட இன்னும் நேரமிருந்தது. நாத்தனார் போர்வையை லேசாக ஒதுக்கினாள். மெஹரின் இடது கை தெரிந்தது. என்னையறியாமல் அதில் என் உள்ளங்கையை வைத்தேன். இத்தனை வருடமும் சில்லென்று இருந்தால் நல்லது, பயமில்லை என்றுதான் இருவரும் பெருமூச்சு விட்டிருக்கிறோம். அவள் கை சில்லென்று இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து மறுநாள் காலை கீழவாசல் வந்தேன். கட்டடம் நின்றது, தையல்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பாதி ஏறும்போதே கேட்டது, பூட்டிய கதவுக்குப் பின்னால் விசிறி இரைந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் அது ஓடியிருக்கிறது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பயம்தான். அதை நான் விடப்போவதில்லை. கதவைத் திறந்து, திரையைப் பார்க்காமல், மேஜையருகே போய் லேப்டாப்பின் அடியில் இடது கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. முதல் வாடிக்கைக்காரப் பெண் படியேறி வந்து, "என்னக்கா, சூடா இருக்கா?" என்று கேட்கும்வரை அப்படியே நின்றிருந்தேன்.