மேட்டுல இழுக்காத வண்டி

சின்னக் கோளாறுன்னுதான் நெனச்சேன். மைன்ஸ் கேட்டுல பாஸ் காட்ட நிறுத்தினா வண்டி கிடுகிடுன்னு ஆடும். சைடு கண்ணாடியில பின்னாடி வர்றவன் மூஞ்சி ரெண்டா தெரியும். மேட்டுல ரெண்டாவது கியர் போட்டா இழுக்கவே இழுக்காது. என் சொந்த வண்டிதான், பதினஞ்சு வருஷத்துப் பழைய பிக்கப். நெய்வேலியில ஒரு கான்ட்ராக்டர்கிட்ட அதைத்தான் ஓட்டிக்கினு இருந்தேன். மைன்ஸுக்குள்ள கன்வேயர் பெல்ட்டுக்கு வேண்டிய ரோலருங்களைக் கொண்டுபோயி எறக்குற வேலை. கான்ட்ராக்டைப் புதுப்பிக்க திங்கக்கிழமை டிரையல்னுட்டாங்க. லோடோட மைன்ஸ் சரிவுல ஏறிக் காட்டணும். ஏறலைன்னா வேற வண்டி வெச்சுக்குவாங்க. எனக்கு வேற பொழப்பும் கிடையாது, வேற தொழிலும் தெரியாது.

ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டானுங்க. எதிர் குவார்ட்டர்ஸ்காரர் டீசல்ல தண்ணி இருக்கும்னார். டேங்கைக் கழுவி, டீசல் ஃபில்டரை மாத்தினேன். டீசல் பைப்புல காத்து புடிச்சிருக்கும்னான் இன்னொருத்தன். அதையும் எடுத்தேன். எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டரைக் கழட்டி துணிப்பையில போட்டுக்கினு, பஸ் ஏறி சேத்தியாத்தோப்பு போயி டெஸ்ட் பண்ணினேன். நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னதைக் கேட்டு அழுத ஆளு உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

“ஏங்க, ஏர் ஃபில்டரைப் பார்த்தீங்களா?”ன்னா என் வீட்டுக்காரி. வந்துச்சே எனக்குக் கோவம்! மைன்ஸ்ல ஓட்டுறவனைப் பார்த்துக் கேக்குற கேள்வியா அது? நிலக்கரித் தூசியும் மண்ணும் அப்படி அப்பும் இங்க. ஷிப்ட் முடிஞ்சா ஒர்க்‌ஷாப்ல ஏர் ஹோஸ்கிட்ட வரிசையா வண்டிங்க நிக்கும். எஞ்சினுக்குப் போற காத்தை வடிகட்டுற அந்தப் பேப்பர் ஃபில்டரைக் கழட்டி, கம்ப்ரஷர் காத்துல ஊதி மாட்டிக்கினுதான் வூட்டுக்குக் கெளம்புவோம். மத்தவன் வாரத்துக்கு ஒரு தரம் ஊதினா நான் தெனமும் ஊதுவேன். முழு வேகத்துல, கிட்டக்க வெச்சு, வெள்ளையா ஆவுற வரைக்கும். “ஒனக்கு என்னாடி தெரியும்?”னு கத்திட்டேன். அவ உள்ள போயிட்டா.

சனிக்கிழமை மத்தியானம் பஜார்ல மெக்கானிக் பாய்கிட்ட விட்டேன். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் தொறந்தார். குபுகுபுன்னு புகை. ஃபில்டர்லேர்ந்து எஞ்சினுக்குப் போற ஹோஸைக் கழட்டி உள்ள வெரலை விட்டார். வெரல் பூரா மாவாட்டம் பழுப்புத் தூசி.

“இது எப்படிண்ணே உள்ள வந்துச்சு?” பாய் ஏர் ஃபில்டரைக் கழட்டி வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிச்சார். பேப்பர்ல அங்கங்க ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம். “தெனம் ஊதுவீங்களா?”

“தெனம் ஊதுவேன் பாய்.” அப்பக்கூடப் பெருமையாத்தான் சொன்னேன், வெக்கங்கெட்டவன்.

“அந்த வேகத்தைப் பேப்பர் தாங்குமாண்ணே? ஓட்டை வழியா எஞ்சின் மண்ணைத் தின்னுருக்கு. பிஸ்டன் ரிங் தேஞ்சு கம்ப்ரஷன் போயிடுச்சு, இழுக்க வலு இல்ல. எஞ்சினை எறக்கி வேலை பாக்காம ஆவாது. பத்து நாளாவது புடிக்கும்.”

“புது ஃபில்டர் போட்டா?”

“இனிமே மண்ணு உள்ள போறது நிக்கும். தேஞ்சது தேஞ்சதுதான்.”

வேற எவனாவது செஞ்சிருந்தா சட்டையைப் புடிச்சிருப்பேன். என் சட்டையை நானே எப்படிப் புடிக்கிறது? கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுப் பத்து நாள் கேட்டேன். டிரையலுக்கு வண்டி லிஸ்ட் போயிடுச்சுப்பான்னு போனை வெச்சுட்டார்.

வேற வழியில்லாம திங்கக்கிழமை புது ஃபில்டர் போட்டு, ரோலரை ஏத்திக்கினு போனேன். சரிவுல ஃபர்ஸ்ட் கியர். ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதிச்சேன். பாதி மேட்டுல ஒரு குலுக்கு குலுக்கி நின்னுடுச்சு. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கெளம்பல. பின்னாடி ஹாரன். சூப்பர்வைசர் ஜன்னல்கிட்ட வந்து, “ஓரங்கட்டுங்கண்ணே, அடுத்த வண்டி ஏறட்டும்”னார். மரியாதையாத்தான் சொன்னார். நான் ரெண்டு காலாலயும் பிரேக்கை மிதிச்சுக்கினு இருந்தேன். காலை எடுத்தா பின்னாடி நிக்கிற வண்டி மேல போயி விழும்.

“வண்டி நகராதுங்க”ன்னேன். அதை என் வாயால சொன்னப்பதான் எல்லாம் போச்சுன்னு எனக்கே உறைச்சுது.