கன்னத்துக்காக வாங்கிய கை

"எதுக்கு அங்கிள் இந்தக் கை வேணும்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒருத்தன் கன்னத்துல அறையணும், டாக்டர்."

படிவத்தில் அவர் 'அன்றாட வேலைகளுக்காக' என்று எழுதிக்கொண்டார். பொய்யில்லை. மனத்துக்குள் அந்த அறையை நான் தினமும் அறைந்துகொண்டுதான் இருந்தேன்.

என் வலது கை போனது கிள்ளானில், பண்டமாரான் பக்கம் ஒரு கிடங்கில். பழைய அட்டைப்பெட்டிகளை நசுக்கிக் கட்டும் இயந்திரம் அது. உள்ளே ஏதாவது சிக்கினால் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் சூப்பர்வைசர் அண்ணனோ, "நிறுத்தாதடா, லோரி காத்துக்கிட்டு நிக்குது லா," என்று கத்தினார். நான் நிறுத்தவில்லை. இயந்திரமும் என்னைப் பார்த்து நிற்கவில்லை. தோளுக்குக் கீழே ஒரு சாண் மிஞ்சியது.

விபத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையில் ஒரு வரி: 'தொழிலாளி விளையாட்டுத்தனமாகக் கையை உள்ளே விட்டார்.' நான் விளையாட்டுக்காரன் என்பது கிள்ளான் முழுக்கத் தெரியும். சக தொழிலாளியின் சோற்றுப் பொட்டலத்தில் ரப்பர் பல்லியை வைத்தவன் வேறு எப்படிக் கையை இழப்பான்? எல்லோரும் நம்பினார்கள். என் மனைவியே ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "நெஜமா சொல்லுங்க, விளையாடினீங்களா?" என்று கேட்டாள். வெட்டிய இடத்தைவிட அது அதிகம் வலித்தது.

புதிய செயற்கைக் கையைப் பற்றி டாக்டர் விளக்கினார். மிச்ச எலும்புக்குள் ஒரு டைட்டானியம் தண்டை இறக்குவார்கள். எலும்பு அதைப் பற்றிக்கொண்ட பிறகு, அதன் முனை தோலைத் துளைத்து வெளியே வரும். கையை அதில் மாட்டலாம். அறுந்த நரம்புகளை மிச்சத் தசைகளோடு சேர்ப்பார்கள். மடக்க நினைத்தால் விரல் மடங்கும். தொட்டால் தொட்டது மாதிரி ஏதோ தெரியவும் செய்யும்.

"ஆனா தோல்ல அந்த ஓட்டை மூடவே மூடாது. கிருமி எலும்பு வரைக்கும் போச்சுன்னா தண்டைக் கழட்டணும். கீழ விழுந்தாலோ, ஓங்கி அடிச்சாலோ எலும்பே முறியலாம்."

'ஓங்கி அடிச்சாலோ' என்னும்போது என்னையே பார்த்தார்.

"தோல்ல இரும்பு ஏத்துறது நமக்குப் புதுசா, டாக்டர்? ஏழு வருஷம் பத்துமலையில அலகு குத்தினவன் நான்."

"அது ஒரு நாளைக்கு, அங்கிள். இது ஆயுசுக்கும்."

அறுவை சிகிச்சைகள் முடிந்து பயிற்சி தொடங்கியது. இல்லாத விரல்களை மடக்கச் சொன்னார்கள். தசையின் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது. சூப்பர்வைசரின் கன்னத்தை நினைத்தேன். எகிறியது.

"சூப்பர்! இப்ப என்ன நினைச்சீங்க?"

"ஒரு கன்னம்."

"ஆன்டி கன்னமா?"

"ஆன்டின்னா கை மடங்காது டாக்டர், நடுங்கும்."

விரல்களை விரிக்கவும் பழகச் சொன்னார். அதில் எனக்கு அக்கறையில்லை. அறை முஷ்டியாக விழுந்தாலும் கன்னம் கன்னம்தான்; விரிக்கக் கற்று என்ன செய்வது?

பிறகுதான் என் மேதாவித்தனம் வேலை செய்தது. தண்டு வெளிவரும் இடத்தில் லேசாக நீர் கசிந்தது. அலகைப் பிடுங்கியதும் திருநீறு அப்பினால் தழும்புகூட இல்லாமல் ஆறிவிடும். ஏழு வருட அனுபவம். அப்பினேன். நாலாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது.

"இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா கழட்டியிருப்பேன். திருநீறு நெத்திக்கு, அங்கிள்!" என்று டாக்டர் சீறினார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க, படுத்தபடியே முருகனை வேண்டினேன். உயிரைக் கேட்கவில்லை. அந்தக் கன்னம் தப்பிவிடக் கூடாது என்று கேட்டேன்.

முருகன் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் வழிவிட்டார். பழைய கிடங்கு ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னடா, ரோபோ ஆயிட்டியா? இனிமேலாச்சும் விளையாடாம இரு லா!"

மேசை சிரித்தது. என் கை உயர்ந்தது. முறியப்போவது அவர் கன்னமல்ல, என் எலும்பு என்பது கடைசி நொடியில் நினைவுக்கு வந்தது. உயர்ந்த கையைக் குலுக்குவதற்கு நீட்டினேன். அவரும் நீட்டினார். மடக்கினேன்.

"நல்ல பிடிதான். விடுடா."

"மாட்டிக்கிச்சு அண்ணே."

"மிஷின நிறுத்துடா!"

"நிறுத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் விரல்கள் நெளிவது என் இல்லாத உள்ளங்கையில் குறுகுறுத்தது. இத்தனை நாளில் அந்தக் கை தந்த முதல் சுகம் அதுதான்.

"அன்னைக்கு யாரு அண்ணே சொன்னது?"

"நான்தான்டா! நான்தான் நிறுத்தாதன்னு சொன்னேன், போதுமா? விடு!"

போதும்தான். விட நினைத்தேன். கை விரியவில்லை. விரிக்கப் பழகியிருந்தால்தானே! மடக்குவதற்கு நான் பழக்கிய முகமோ ஒரு முழத் தூரத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கப் பிடி இறுகியது.

"அண்ணே, இப்ப நெஜமாவே மாட்டிக்கிச்சு."

ஒருவரும் நம்பவில்லை. விளையாட்டுக்காரன் அல்லவா!

பக்கத்து மேசையிலிருந்து என் மனைவி எழுந்து வந்தாள். பிடியை விடுவிக்கும் பொத்தான் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பது, பதற்றத்தில் நான் மறந்திருந்தாலும், அவளுக்குத் தெரியும். விரலை அதன்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குச் சரியா காதுல விழல, அண்ணே. இன்னொரு தடவ சொல்லுங்க."