சிஹானாவின் தலையில் இருந்த பழைய வடு

"பெண், வயது 22. ரக்பி ஆட்டத்தில் தலையில் அடி. பலமுறை வாந்தி. நோன்பிருந்தவர். வலது கண்மணி விரிந்துள்ளது."

2009ஆம் ஆண்டு ரமழானில், கொழும்பு மருத்துவமனையொன்றில் என் தங்கை சிஹானாவை அனுமதித்தபோது எழுதிய குறிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். அவள் நோன்பிருந்ததை எழுதச் சொன்னது நான். அன்று மாலை முழுவதும் எங்களை ஏமாற்றியது அந்த நோன்புதான்.

தலையில் அடிபட்ட ஒருவருக்கு அருகில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கிழக்குக் கடற்கரையில் எங்கள் ஊரான கல்முனைக்குடியிலிருந்து கொழும்புக்குத் தையல் தொழிற்சாலை வேலைக்குப் போனவள், அங்கிருந்த பெண்கள் ரக்பி அணியில் சேர்ந்து, நாட்டு அணி வரை வந்துவிட்டாள். நீளக் காற்சட்டை, தலையை மூடிய துணி, அதன்மேல் பஞ்சு வைத்த தொப்பி. அடுத்த மாதம் அணியோடு வெளிநாடு போக அவள் பெயர் வந்திருந்தது. நான் அவளுடைய ஆட்டத்தைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

எதிரணிப் பெண் ஒருத்தி பந்தை அணைத்தபடி நேராக ஓடிவந்தாள். சிஹானா தாழ்ந்து அவள் இடுப்பில் மோதினாள். டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவது) செய்யும்போது தலை ஓடுபவரின் பின்பக்கம் போகவேண்டும். இவளுடைய தலை முன்பக்கம் போயிற்று. முழங்கால் வலது நெற்றிப்பொட்டில் இறங்கியது. தேங்காயைக் கல்லில் மோதிய சத்தம் நான் இருந்த பார்வையாளர் மேடை வரை கேட்டது. விழுந்தவள் எழும்பினாள், வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள், ஆட்டம் முடிவதற்குள் இன்னும் இருவரை மண்ணில் சாய்த்தாள்.

பிறகு விடுதியில் வாந்தி எடுத்தாள். எல்லோரும் நோன்புக் களைப்பு என்றோம். தொலைபேசியில் உம்மாவும் அதையே சொன்னார்: "அவட ரக்பியும் மண்ணாங்கட்டியும்! நோன்போட வெயில்ல ஓடினா மயங்காம என்ன செய்யும்? பேரீச்சம்பழத்தக் குடு, கஞ்சியக் குடு, படுக்கட்டும்."

நோன்பு திறந்ததும் படுத்துவிட்டாள். குறட்டை விட்டாள். பசியாறிய தூக்கம் என்று நினைத்தேன்.

அவள் மைதானத்தில் மறந்துவிட்டு வந்த, ஆணி வைத்த சப்பாத்துகளை (காலணிகளை) விடுதிக்குக் கொண்டுவந்தவள் நிமாலி. அணியில் அவளுக்கு அடுத்த இடத்தில் ஆடுபவள், இராணுவத்தில் இருந்தவள். நிமாலியின் தமிழ் வன்னிச் சோதனைச் சாவடியில் படித்த தமிழ், முழுவதும் கட்டளைகள். அதை வைத்து சிஹானா அவளை ஓயாமல் கிண்டல் செய்வாள்.

"நில்லு! கண் திற! என்னைப் பார்!" என்று நிமாலி கத்தினாள்.

சிஹானா சிரிக்கவில்லை. நிமாலி விரலால் இமையைத் தூக்கினாள். ஒரு கண்மணி சிறிதாக, மற்றது கறுத்து அகலமாக. நிமாலி என் பக்கம் திரும்பினாள். அக்காவை நாங்கள் அழைக்கும் சொல் அவளுக்கும் தெரிந்திருந்தது. "ராத்தா, தூக்கு. ஓடு. நான் இதைக் கண்டது. முன்னுக்கு." அவள் முன்னுக்கு என்றது போர்முனையை.

மூளையுறையின் அடியில் இரத்தம் கட்டி (உடைந்த சிறு நாளத்திலிருந்து கசிந்து, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளுவது) உயிர் போகும் நிலையில் இருந்தாள். தலைமயிரை மழித்து, மண்டையோட்டைத் திறந்து அந்த இரத்தக் கட்டியை எடுத்தார்கள். வீக்கம் வற்றும் வரை எலும்பின் ஒரு துண்டைத் திருப்பி வைக்கவில்லை. அந்த இடத்தில் தோல் மட்டும் ஏறி இறங்கியது. தங்கையின் நாடித்துடிப்பை அவள் தலையில் கண்ணால் பார்த்தேன்.

இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வந்தால், வாந்தியை வயிற்றோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள். தூங்கவிட்டுப் போகாதீர்கள்.

அவளுக்கு நினைவு திரும்பி, இடது கை மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கியபோது, மருத்துவர் ஸ்கேன் படத்தை எடுத்து வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்மணி.

"இந்தா, இடது பக்கம் ஒரு வடு. இது பழசு. எப்ப பட்டது?"

"சுனாமியில, டொக்டர்" என்றாள் சிஹானா உடனே.

"விளையாட்டில பட்டதெண்டா, இவ டாக்கிள் பண்ணுற முறையே ஆபத்து. இனி ஆடக் கூடாது, கதைக்க ஒண்டும் இல்ல. கடல்ல பட்டதெண்டா, ஒரு வருஷம் போகட்டும், திரும்பப் படம் எடுத்து, ஆட விடலாமா எண்டு யோசிக்கலாம். ஆராவது கண்டவங்க இருக்காங்களா?"

2004 டிசம்பர் 26. வீடு போயிற்று, வாப்பா போனார். பதினேழு வயது சிஹானாவை மையவாடி (அடக்கத்தலம்) மதிலோடு, முட்கம்பியில் சிக்கிய நிலையில் கண்டுபிடித்தோம். உடல் முழுவதும் கீறல், தலையில் சேறு. அந்தக் களேபரத்தில் தலையை யாரும் பார்க்கவில்லை.

மருத்துவர் போனதும் என் கையைப் பிடித்தாள். வலது கைப்பிடி பழைய பிடிதான், எலும்பு வலித்தது.

"ராத்தா, கண்டதெண்டு சொல்லு."

"நான் காணல்லடி. பின்னேரம்தான் ஒன்னக் கண்ட நான்."

"ஊரே கண்டிச்சி, கடல் அடிச்சத."

"ஒண்ட தலைய அடிச்சத ஆரும் காணல்ல."

"எல்லாத்துக்கும் தேதி வெச்சிரிக்கிறவ நீ. எனக்கு ஒரு பொய்த் தேதி வெக்க ஏலாதா?"

மறுநாள் மருத்துவரிடம் சொன்னேன்: "எனக்குத் தெரியாது, டொக்டர்."

தெரியாததை வைத்து இன்னொரு முழங்காலுக்கு இந்தத் தலையைக் கொடுக்க முடியாது என்றார் அவர். சிஹானா கட்டிலடியில் கிடந்த சப்பாத்துகளை என் முகத்துக்கு நேரே எறிந்தாள். ஒன்றின் ஆணி என் புருவத்தைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அவள் பிறகு ஆடவில்லை. நீண்ட காலம் என்னோடு கதைக்கவும் இல்லை.

எலும்பைத் திருப்பி வைத்துவிட்டார்கள். தலைமயிர் வளர்ந்துவிட்டது. பாங்கு கேட்டால் அது லுஹரா அஸரா (நண்பகல் தொழுகையா, பின்னேரத் தொழுகையா) என்று என்னிடம் கேட்கிறாள். யாராவது வேகமாக எதிரே வந்தால் அவள் தோள் தானாகத் தாழ்கிறது; கடற்கரையில் அலைக்கும் அப்படித்தான். தலை இப்போது சரியான பக்கம் போகிறது. கடல் அடித்ததையும் முழங்கால் அடித்ததையும் ஒரே மாதிரி, "நேத்து" என்கிறாள். நான் ஆண்டைச் சொல்லித் திருத்துவதை விட்டுவிட்டேன்.

இடது பக்க வடு 2004இல் கடலில் பட்டதா, பின்னர் மைதானத்தில் பட்டதா? இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.