தாடை உடைந்த பிறகும் மூன்று சுற்று

அப்போது என் எடை நூற்றுப் பன்னிரண்டு ராத்தல். அதற்குமேல் ஏறக்கூடாது என்று, குத்துச்சண்டைக்கு முந்தின இரண்டு நாள் தண்ணீரைக்கூட வாயில் கொப்பளித்துத் துப்பிவிடுவேன். இந்தத் தொழிலுக்கு வருமுன் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் ஆளெண்ணும் பெரட்டில் கங்காணி என் அக்காவைக் கன்னத்தில் அறைந்தார். நான் அவரை அறைந்தேன். இரண்டு பல்லைத் துப்பினார். அன்றைக்கே வேலை போயிற்று. ஈப்போவுக்கு வந்து குத்துச்சண்டைக்காரனானேன்.

எத்தனையோ சண்டை போட்டேன். ஒன்றைப் பற்றி மட்டும் வீட்டில் யாரிடமும் பேசியதில்லை.

எதிராளி ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்த சீனன். முதல் சுற்றிலேயே தலையால் முட்டி என் புருவத்தைக் கிழித்துவிட்டான். ரத்தம் இறங்கி ஒரு கண் தெரியவில்லை. நான்காம் சுற்றில் ஆத்திரத்தோடு வலக்கையைக் கீழிருந்து ஏற்றினேன். காய்ந்த விறகு முறிகிற சத்தம். அவன் தாடை ஒரு பக்கமாகத் தொங்கிற்று.

ஆனால் விழவில்லை. நடுவராக நின்ற துரை, சண்டை நடக்கட்டும் என்று கை காட்டினார். கூட்டம் பெஞ்சுமேல் ஏறிக் கத்தியது. அவன் என்னைக் கட்டிப் பிடித்தபோது காதில் மலாயில் சொன்னேன்: "போதும்லா, உட்கார்ந்துடு."

"பெலும்" என்றான் ரத்தத்தோடு. இன்னும் இல்லையாம். சொல்லிக்கொண்டே என் விலாவில் குத்தினான்.

சுற்று முடிந்ததும் என் மூலையில் தண்ணீர் ஊற்றிய அக்கா புருஷனிடம், "மச்சான், இவனை இனி அடிக்க முடியாது. துண்டைப் போட்டுத் தோல்வின்னு முடிச்சுடுங்க" என்றேன்.

"கிறுக்கா உனக்கு? ஜெயிக்கிறவன் துண்டு போடுவானா? தாடையிலயே அடி. சீக்கிரம் முடியும்லா, அவனுக்கும் நல்லது."

நான் வயிற்றிலேயே அடித்தேன், இரண்டு சுற்று. முழங்காலில் இறங்குவான், மறுபடி எழுவான். ஏழாம் சுற்றில் அவன் இடக்கை என் கிழிந்த புருவத்தில் விழுந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. அதே தாடையில் அடித்தேன். விழுந்தவனின் கால்கள் வெட்டி இழுத்தன. அதைப் பார்த்தும், எழுந்து வா, இன்னொன்று தருகிறேன் என்றுதான் எனக்குள் ஓடியது. இதை மறைத்து எழுத விருப்பமில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி என்னைக் கண்டதும் அதைக் கிண்ணத்தோடு என் முகத்தில் வீசினாள். துடைக்காமல் நின்றேன். அவன் அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான். பிறகு என் புருவத்தைச் சுட்டி, எத்தனை தையல் என்று விரலால் கேட்டான். ஆறு என்று காட்டினேன். தலையாட்டிக்கொண்டான், கொஞ்சம் திருப்தியாகவே.

அவன் மறுபடி மேடை ஏறவில்லை. நான் இரண்டு வருஷம் ஏறினேன். எதிராளியின் தாடை காப்பில்லாமல் கிடந்தால் கை தயங்கும். அந்தத் தயக்கத்தில் மூன்று பேர் என் மூக்கை உடைத்தார்கள்.