ராக்கெட்டுக்கு ஆகாத தங்கக் குதிரை

வெம்பக்கோட்டையில் பட்டாசு கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி இன்று எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தார். ராக்கெட் லேபிளுக்குக் குதிரைப் படம் கேட்டிருந்தார்.

நெட்டில் தேடி, டிரெஸ்ஸாஜ் என்ற சர்வதேசக் குதிரையேற்றப் போட்டியில் ஜெயித்த குதிரையை வைத்திருந்தேன். மேலே கோட்டும் தொப்பியுமாக ஒரு அம்மா.

அண்ணாச்சி மானிட்டரை உற்றுப் பார்த்தார்.

"ஏலே, இது எங்கயும் போற மாதிரி தெரியலையே?"

"போகாது அண்ணாச்சி. நின்ன இடத்துலயே கால் மாத்தி ஆடும், சுத்தும். அதுக்குத்தான் தங்கம். தனியாவும் வாங்கிருக்கு, டீமோடயும் வாங்கிருக்கு."

"நின்ன இடத்துல சுத்துதுன்னா தரைச்சக்கரத்துக்குப் போடு. ராக்கெட்டுக்கு ஓடுற குதிரையாப் பாரு. இல்லேன்னா நான் வேற பிரஸ் பாத்துக்கிடுதேன்."

ஒரு ஆர்டர் இரண்டானது.

அதே டீமில் ஜெயித்த இன்னும் மூன்று குதிரைகள் என் கம்ப்யூட்டரில் சும்மா நிற்கின்றன. புஸ்வாணத்துக்கு எது பொருந்தும், சொல்லுங்கள்.